பைபாஸுக்கு முன் லெவோசிமெண்டான் ஆராய்ச்சி: கையெழுத்துப் போடலாமா?

நீங்கள் எழுதியிருப்பதன் சாரம் இது. அப்பாவுக்கு 61 வயது, உசிலம்பட்டிப் பக்கம் ஊர், எடை 60 கிலோ, பத்து வருடமாகச் சர்க்கரை. ஆஞ்சியோவில் மூன்று குழாயிலும் அடைப்பு, எக்கோவில் பம்பிங் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு) 30 சதவீதம். மதுரையில் ஒரு மருத்துவமனையில் அடுத்த வாரம் பைபாஸ். அதற்கு முன் லெவோசிமெண்டான் என்ற இதயச் செயலிழப்பு மருந்தை ஏற்றிப் பார்க்கும் ஆராய்ச்சி ஒன்றில் சேரச் சொல்லிப் படிவம் கொடுத்து, நாளைக்குள் கையெழுத்து வேண்டும் என்றிருக்கிறார்கள். “அப்பாவை வச்சுப் பழகிப் பாக்குறாங்களா? மாட்டேன்னு சொன்னா ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுருவாங்களா? நான் கையெழுத்துப் போடலாமா?” என்று கேட்கிறீர்கள். மூன்றும் வெவ்வேறு கேள்விகள். மருந்தைப் பற்றியது முதலாவது, சட்டத்தைப் பற்றியது இரண்டாவது. மூன்றாவதில் ஒரு சின்னத் தவறு இருக்கிறது, அதைத் திருத்திவிட்டுத் தொடங்குகிறேன்.

கையெழுத்துப் போட வேண்டியவர் நீங்கள் அல்ல, அப்பா. நம் பக்கத்தில் மகனோ மருமகனோ எல்லாப் படிவத்திலும் கையெழுத்துப் போட்டுப் பழகிவிட்டது. ஆராய்ச்சிப் படிவத்துக்கு அது செல்லாது. நோயாளி நினைவோடும் தெளிவோடும் இருக்கும்போது அவர்தான் ஒப்புதல் தர வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால், ஆராய்ச்சிக் குழுவைச் சேராத ஒருவர் சாட்சியாக இருக்கையில் படிவம் முழுவதையும் அவருக்கு வாசித்துக் காட்டி, கேள்வி கேட்க விட்டு, பிறகு ரேகை வாங்க வேண்டும். சாட்சியும் கையெழுத்திட வேண்டும். படிவம் அப்பாவுக்குப் புரியும் மொழியில், அதாவது தமிழில், இருந்தாக வேண்டும். கையெழுத்திட்ட படிவத்தின் நகல் ஒன்றும், விவரத் தாளும் உங்கள் கைக்கு வர வேண்டும். உங்கள் வேலை, அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அவருக்குப் புரிந்ததா என்று பார்ப்பது.

இரண்டாவது கேள்விக்குப் பதில் உறுதியானது. சேர மாட்டேன் என்றதற்காக அறுவையைத் தள்ளிப் போடுவதோ, கவனிப்பைக் குறைப்பதோ கூடாது. சேர்ந்த பிறகு நடுவில் விலகுகிறேன் என்றாலும் அப்படித்தான். 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளின்படி, இது ஒவ்வொரு விவரத் தாளிலும் எழுதப்பட்டிருக்க வேண்டிய வாசகம். தாளில் அந்த வரியைத் தேடி, அப்பாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டுங்கள். “டாக்டர் மனசு கோணிடுமோ” என்ற பயத்தில் வாங்கிய ஒப்புதல் ஒப்புதலே அல்ல.

இனி மருந்து. பைபாஸில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் இந்த மருந்தை ஏன் இங்கே கொண்டு வந்தார்கள் என்பது விளங்கும். பம்ப் வைத்துச் செய்யும் முறையில், ரத்தம் உறையாமலிருக்கக் கிலோவுக்கு 300 முதல் 400 யூனிட் ஹெப்பாரின் கொடுத்து, உடலின் ரத்த ஓட்டத்தை இதய நுரையீரல் இயந்திரத்துக்கு மாற்றுவார்கள். பெருந்தமனியைக் கிளாம்ப் போட்டு மூடி, பொட்டாசியம் மிகுந்த கார்டியோப்ளீஜியா கரைசலைச் செலுத்தி இதயத்தை நிறுத்துவார்கள். நின்ற இதயத்தில் ஒட்டுக்குழாய்களைத் தைத்து முடிக்க ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். கிளாம்பை எடுத்ததும் ரத்தம் திரும்ப வரும், இதயம் துடிக்கத் தொடங்கும். நல்ல இதயம் சில நிமிடங்களில் தன் வேலையை ஏற்றுக்கொள்ளும். பம்பிங் 30 உள்ள இதயம் தடுமாறும். தசை உயிரோடு இருக்கும், ஆனால் மரத்துப்போனதுபோல் சுருங்காமல் கிடக்கும். உடலுக்குத் தேவையான ரத்தம் போகாத அந்த நிலைக்குக் ‘குறைந்த இதய வெளியீடு’ என்று பெயர். உடல் பரப்பளவில் ஒரு சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 2.2 லிட்டருக்குக் கீழே போனால் பெரும்பாலும் அப்படிச் சொல்வார்கள். சிறுநீர் குறையும், கைகால் சில்லிடும், ரத்தத்தில் லாக்டேட் (உடலுக்கு ஆக்சிஜன் போதாததைக் காட்டும் பொருள்) ஏறும். பம்பிங் குறைந்தவர்களுக்குப் பைபாஸில் வரும் ஆபத்தில் பெரும்பகுதி இங்கேதான் தொடங்குகிறது.

இதற்கு வழக்கமாகக் கொடுப்பவை அட்ரினலின், டோபுட்டமின், மில்ரினோன். இவை எல்லாமே இதயச் செல்லுக்குள் கால்சியத்தைக் கூட்டி அதைச் சுருங்க வைப்பவை. வேலை நடக்கும், ஆனால் விலை உண்டு. துடிப்பு வேகமாகும், ஆக்சிஜன் தேவை ஏறும், தாளம் தப்பும். அப்போதுதான் அடிபட்டு எழுந்த இதயத்துக்கு இது சுமை. லெவோசிமெண்டான் வேறு வழியில் போகிறது. செல்லுக்குள் இருக்கும் கால்சியத்தின் அளவைப் பெரிதாகக் கூட்டாமல், ட்ரோபோனின் சி என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டு, இருக்கும் கால்சியத்துக்கே தசை நன்றாக இணங்கும்படி செய்கிறது. ரத்தக்குழாய்த் தசைகளில் பொட்டாசியம் வாய்க்கால்களைத் திறந்து குழாய்களை விரிக்கவும் செய்கிறது. இதயத்துக்குப் பலம், எதிரே இருக்கும் சுமை குறைவு, இரண்டும் ஒரே மருந்தில். பின்லாந்தின் ஓரியான் நிறுவனம் உருவாக்கியது. 2000ஆம் ஆண்டில் முதலில் ஸ்வீடனில் அனுமதி கிடைத்தது. இந்தியாவில் விற்பனையில் இருக்கிறது. அமெரிக்காவில் அனுமதி கிடைக்கவே இல்லை. ஆக, “யாருக்கும் கொடுக்காத புது மருந்தை அப்பாவுக்குக் கொடுக்கிறார்களா” என்ற பயம் உங்களுக்கு வேண்டாம். மருந்து பழையது. இதய அறுவைக்கு முன்பே கொடுத்தால் பலன் உண்டா என்பதுதான் கேள்வி.

முன்பே கொடுப்பதற்கும் காரணம் உண்டு. மூல மருந்து உடலில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் ஆகும். ஆனால் அது சிதைந்து உண்டாகும் ஒரு துணைப்பொருளுக்கும் அதே வேலை தெரியும், அது பாதியாகக் குறைய 70 முதல் 80 மணி நேரம் ஆகும். ஒரு நாள் ஏற்றினால் பலன் ஏழு முதல் ஒன்பது நாள் வரை நீடிப்பது அதனால்தான். அறுவை நாளிலும் அதற்கடுத்த மோசமான மூன்று நாட்களிலும் இதயத்துக்குத் துணை கிடைக்கும் என்பது கணக்கு. கேட்க நியாயமாக இருக்கிறது. நியாயமாக இருப்பது உண்மையாகவும் இருக்க வேண்டும் என்பதில்லை, அதற்காகத்தான் ஆராய்ச்சி.

மருந்து ஏற்றுவதை உங்கள் கண்ணாலேயே பார்ப்பீர்கள், அதனால் அளவைச் சொல்லிவிடுகிறேன். குப்பி ஒன்றில் 5 மி.லி., அதில் 12.5 மில்லிகிராம் மருந்து, மஞ்சள் நிறம். 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டியது. மதுரை வெயிலில் மருந்தகத்திலிருந்து வார்டுக்குக் கையில் கொண்டு வரும் மருந்து அல்ல இது, ஐஸ் பெட்டியில் வர வேண்டும். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 500 மி.லி. பையில் ஒரு குப்பியைக் கலந்தால் ஒரு மி.லி.யில் 25 மைக்ரோகிராம். 250 மி.லி. பையில் கலந்தால் 50. கலந்த பிறகு 24 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். பெரிய ஆய்வொன்றில் பயன்படுத்திய முறையை எடுத்துக்கொள்வோம்: முதல் ஒரு மணி நேரம் கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.2 மைக்ரோகிராம், பிறகு 23 மணி நேரம் 0.1. அப்பாவின் 60 கிலோவுக்கு 500 மி.லி. பையில் முதல் மணி நேரம் மருந்து ஏற்றும் பம்ப் மணிக்கு 28.8 மி.லி. என்று காட்டும், பிறகு 14.4. மொத்தம் ஏறும் மருந்து 9 மில்லிகிராம், பையில் 360 மி.லி. போகும், 140 மி.லி. மிச்சமிருக்கும். “மருந்தை முழுசா ஏத்தலையே” என்று உறவினர்கள் நர்சிடம் சண்டைக்குப் போவது இந்த மிச்சத்துக்காகத்தான். அது மிச்சமாகத்தான் இருக்க வேண்டும்.

தவறு நடப்பதும் இந்தக் கணக்கில்தான். 250 மி.லி. பையில் கலந்துவிட்டு 500க்கான வேகத்தைப் பம்பில் வைத்தால் இரட்டிப்பு மருந்து போகும். முதல் மணி நேரம் முடிந்ததும் வேகத்தைப் பாதியாக்க மறந்தால், பை 17 மணி நேரத்திலேயே காலியாகும், அதற்குள் ரத்த அழுத்தம் சரிந்திருக்கும். எடையைத் தராசில் பார்க்காமல் சொன்னதை எழுதிக்கொண்டாலும் அதே கதை. பையில் மருந்தின் பெயர் (அல்லது ஆய்வு எண்), கலந்த நேரம், செறிவு மூன்றும் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். இரண்டு நர்சுகள் தனித்தனியாகக் கணக்குப் போட்டு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல வார்டின் அடையாளம். மருந்து உறையில் சொல்லப்பட்டிருக்கும் தொடக்க டோஸ், அதாவது கிலோவுக்கு 6 முதல் 12 மைக்ரோகிராமைப் பத்து நிமிடத்தில் கொடுப்பது, இதய அறுவை ஆய்வுகள் பலவற்றில் தவிர்க்கப்பட்டிருக்கிறது. ரத்தக்குழாய்கள் ஒரே நேரத்தில் விரிந்து அழுத்தம் தடாலென்று விழும், அடைப்புள்ள குழாய்களுக்கு அது ஆகாது. அப்பாவின் ஆய்வில் இந்த டோஸ் உண்டா என்று கட்டாயம் கேளுங்கள்.

இப்போது, என்ன தெரியும் என்பது. 2017க்கு முன் சின்னச் சின்ன ஆய்வுகள் நிறைய வந்தன, அவற்றைக் கூட்டிப் பார்த்தவர்கள் இந்த மருந்து மரணத்தைக் குறைக்கிறது என்றே சொன்னார்கள். 2017இல் மூன்று பெரிய ஆய்வுகள் வெளிவந்து அந்த நம்பிக்கையை நிறுத்தின. ‘லெவோ சிடிஎஸ்’ என்பது அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்தது. பம்பிங் 35 சதவீதமும் அதற்குக் கீழும் உள்ளவர்கள், 882 பேர் சேர்ந்து 849 பேருக்கு, ஒரு பக்கத்தாருக்கு மருந்தும் மறுபக்கத்தாருக்கு வெற்று மருந்தும் (பார்க்க அதேபோல் இருக்கும், மருந்து இல்லாத பை) ஏறியது. மரணம், டயாலிசிஸ், அறுவையையொட்டிய மாரடைப்பு, இதயத்துக்கு இயந்திரத் துணை (பலூன் பம்ப் போன்றவை) ஆகிய நான்கில் ஏதாவது ஒன்று நடந்தவர்கள் இரண்டு பக்கமும் 24.5 சதவீதம். ஒரு தசமம்கூட வித்தியாசமில்லை. ‘சீட்டா’ ஆய்வு இத்தாலி, ரஷ்யா, பிரேசிலில் நடந்தது. அறுவைக்குப் பின் இதயம் தளர்ந்தவர்களுக்குக் கொடுத்தது. முப்பது நாளுக்குள் மரணம் மருந்து பெற்றவர்களில் 12.9 சதவீதம், பெறாதவர்களில் 12.8. 506 பேரோடு, இனித் தொடர்ந்தும் பயனில்லை என்று நிறுத்திவிட்டார்கள். பிரான்சில் 336 பேரிடம் நடந்த ‘லிகோர்ன்’ ஆய்வில், பம்பிங் 40 சதவீதமும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்குப் பைபாஸில் கொடுத்துப் பார்த்தார்கள். இதயம் தளர்ந்ததற்கான அடையாளங்கள் மருந்து பெற்றவர்களில் 52 சதவீதம், பெறாதவர்களில் 61 சதவீதம். குறைவுதான், ஆனால் தற்செயலாகவும் வந்திருக்கக்கூடிய அளவு.

ஆகவே உறுதியாகச் சொல்லக்கூடியது: அறுவை செய்துகொள்ளும் பம்பிங் குறைந்த எல்லோருக்கும் இதைக் கொடுத்தால் உயிர் காக்கப்படும் என்று நிரூபிக்கப்படவில்லை. அப்பா வெற்றுப் பக்கம் விழுந்தால் “ஏமாற்றிவிட்டார்கள்” என்று சொல்ல முடியாததற்கும் இதுவே காரணம். சந்தேகத்தில் இருப்பவை: லெவோ சிடிஎஸ்ஸில் குறைந்த இதய வெளியீடு மருந்து பெற்றவர்களுக்குக் குறைவாக வந்தது, 18.2க்கு 25.7 சதவீதம். கூடுதலாக வேறு இதயத்தூண்டி மருந்து தேவைப்பட்டவர்களும் குறைவு, 54.9க்கு 62.7. தொண்ணூறு நாளில் மரணம் 4.7க்கு 7.1, நம்பிக்கை தரும் எண், ஆனால் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாத அளவுக்குப் பலமானது அல்ல. வால்வு வேலை இல்லாமல் பைபாஸ் மட்டும் செய்துகொண்டவர்களுக்குப் பலன் கூடுதலோ என்று பின்னால் பிரித்துப் பார்த்தபோது தோன்றியது. ஆய்வு முடிந்த பிறகு கூட்டத்தைக் கூறுபோட்டுப் பார்த்துக் கிடைப்பது யோசனைதான், சான்று ஆகாது. அந்த யோசனையைச் சான்றாக்கவோ பொய்யாக்கவோ புதிதாக ஓர் ஆய்வு வேண்டும். அப்பாவிடம் கேட்பது அப்படிப்பட்டதாக இருந்தால், அது நேர்மையான கேள்வி.

இன்னொன்றும் இருக்கிறது, இதை நம் ஊர் மருத்துவமனைகளில் அழுத்திக் கேட்க வேண்டும். லெவோ சிடிஎஸ், லிகோர்ன் இரண்டும் இதய நுரையீரல் இயந்திரம் வைத்துச் செய்த அறுவைகள். நம் நாட்டில் துடிக்கும் இதயத்திலேயே, பம்ப் இல்லாமல், ஏராளமான பைபாஸ் நடக்கிறது. இதயத்தை நிறுத்துவதே இல்லை என்றால் அதனால் வரும் மரத்துப்போதலும் அந்த அளவுக்கு இருக்காது. அதேநேரம் தைப்பதற்காக இதயத்தைத் தூக்கித் திருப்பிப் பிடிக்கும்போது ரத்த அழுத்தம் திடீரென இறங்கும். ஏற்கெனவே குழாய்களை விரித்து வைத்திருக்கும் ஒரு மருந்து அங்கே உதவுமா, உபத்திரவமா? மேலே சொன்ன எண்களை அப்படியே அங்கே தூக்கி வைக்க முடியாது. அப்பாவுக்குப் பம்ப் வைத்தா, வைக்காமலா என்பது அதனால் முக்கியமான கேள்வி.

ஆய்வு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதிலும் நம்பிக்கை இருக்க வேண்டும். யார் மருந்துப் பக்கம், யார் வெற்றுப் பக்கம் என்பதைக் கணினி முடிவு செய்ய வேண்டும். மருத்துவர் ஆளைப் பார்த்து முடிவு செய்தால், தெம்பானவர்கள் ஒரு பக்கம் சேர்ந்துவிடுவார்கள். மருந்து மஞ்சள் என்பதால் வெற்றுப் பையையும் அதே மஞ்சளில் ஆக்க வேண்டும், பி2 வைட்டமின் போன்ற ஒன்றைச் சேர்ப்பார்கள். இல்லாவிட்டால் பையைப் பார்த்தவுடனே வார்டுக்கே தெரிந்துவிடும். தெரிந்தால் என்ன? “பலூன் பம்ப் வைக்கலாமா, இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமா”, “டயாலிசிஸ் இன்றா, நாளையா” போன்றவை எல்லாம் மருத்துவரின் மனதில் எடுக்கும் முடிவுகள். மருந்து போகிறது என்று தெரிந்தவர் அறியாமலே கொஞ்சம் பொறுப்பார். பொறுத்ததே மருந்தின் பலனாகக் கணக்கில் ஏறிவிடும். பழைய சின்ன ஆய்வுகள் அவ்வளவு நன்றாகத் தெரிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அதனால் மருந்தைக் கலப்பவர் ஒருவர், நோயாளியைப் பார்ப்பவர் வேறொருவர் என்று பிரித்திருப்பார்கள். அவசரம் வந்தால் எந்த நேரத்திலும் ரகசியத்தை உடைத்துப் பார்க்க ஒரு வழி இருக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு யாரைக் கூப்பிடுவது என்று பெயரும் எண்ணும் தாளில் இருக்க வேண்டும்.

எண்ணிக்கையையும் பாருங்கள். மரணத்தை 7 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைக்கிறதா என்று வழக்கமான நம்பகத்தோடு கண்டுபிடிக்க ஒரு பக்கத்துக்குச் சுமார் 2,200 பேர் வேண்டும். ஒரு மருத்துவமனையில் ஐம்பது பேரை வைத்து “உயிர் காக்கிறதா பார்க்கிறோம்” என்று யாராவது சொன்னால், அந்தக் கேள்விக்கு அந்த ஆய்வால் பதில் சொல்லவே முடியாது. லாக்டேட் அளவு, தூண்டி மருந்து எத்தனை மணி நேரம் தேவைப்பட்டது போன்ற சின்னக் கேள்விகளுக்கு ஐம்பது பேர் போதலாம். எதை அளக்கிறார்கள் என்று கேட்டு, எண்ணிக்கையோடு பொருத்திப் பாருங்கள். பதில் கிடைக்க வழியில்லாத ஆய்வுக்கு அப்பாவின் உடம்பைக் கொடுக்க வேண்டியதில்லை. இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

ஆபத்துகளில் முதலாவது, ரத்த அழுத்தம் இறங்குவது. அதற்காக அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலின் மருந்து ஓட வேண்டி வரும். இரண்டாவது, இதய மேலறை தாளம் தப்பி ஓடுவது. லிகோர்னில் அழுத்தம் இறங்கியவர்கள் 57க்கு 48 சதவீதம், தாளம் தப்பியவர்கள் 50க்கு 40. புள்ளியியல் கணக்கில் அந்த வித்தியாசம் உறுதிப்படவில்லை. பைபாஸுக்குப் பின் மருந்தே இல்லாமலும் இவை எவ்வளவு சாதாரணம் என்பதையும் அந்த 48, 40 காட்டுகின்றன. மூன்றாவது, பொட்டாசியம் குறைவது. தொடங்கும் முன்பே பொட்டாசியத்தைச் சரி செய்ய வேண்டும், ஓடும்போதும் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். கிரியேட்டினின் கிளியரன்ஸ் (சிறுநீரகம் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் வேகம்) 30க்குக் கீழே உள்ளவர்கள், ஈரல் மோசமாகக் கெட்டவர்கள், ஏற்கெனவே அழுத்தம் மிகக் குறைந்து துடிப்பு வேகமாக இருப்பவர்கள், முன்பு ஆபத்தான தாளக்கோளாறு வந்தவர்கள் ஆகியோருக்கு இந்த மருந்து கூடாது. பத்து வருடச் சர்க்கரை என்கிறீர்கள். அப்பாவின் சிறுநீரகக் கணக்கைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மருந்து நின்ற பிறகும் குறைந்தது மூன்று நாள் இசிஜி, ரத்த அழுத்தம் இரண்டையும் கண்காணிக்க வேண்டும், சிறுநீரகமோ ஈரலோ கொஞ்சம் பழுதென்றால் ஐந்து நாள். அறுவைக்கு முந்தின நாளே ஏற்றுவதாக இருந்தால் மானிட்டர் உள்ள படுக்கையில்தான் ஏற்ற வேண்டும், பொது வார்டில் அல்ல. ஏற்றிய பிறகு வேறு ஏதோ காரணத்தால் அறுவை இரண்டு நாள் தள்ளிப்போனால் என்ன செய்வார்கள் என்பதையும் கேளுங்கள். பலன் ஒரு வாரம் இருக்கும் என்பதால் அதற்குத் தெளிவான பதில் ஆய்வுத் திட்டத்தில் இருக்க வேண்டும்.

சட்டம் தரும் பாதுகாப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆய்வு ‘சிடிஆர்ஐ’ எனப்படும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும். எண்ணை வாங்கி இணையத்தில் தட்டினால், எத்தனை பேர், எதை அளக்கிறார்கள், எந்தெந்த மருத்துவமனை, யார் பணம் கொடுக்கிறார்கள் எல்லாம் வரும். அந்த எண்ணைச் சொல்லத் தயங்கும் ஆய்வில் சேர வேண்டாம். ஆய்வு நெறிமுறைப்படி இருக்கிறதா என்று பார்க்கும் எத்திக்ஸ் கமிட்டியின் அனுமதி வேண்டும். அந்தக் குழுவின் தலைவர் அந்த மருத்துவமனையைச் சாராதவராக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் சாதாரணப் பொதுமகன் ஒருவரும் இருக்க வேண்டும். அவர்களைத் தொடர்புகொள்ளும் எண் தாளில் இருக்கும், நீங்கள் நேராகவே பேசலாம். ஆய்வின்போது உடல் கேடு ஏதும் வந்தால், அது ஆய்வால் வந்ததல்ல என்று நிறுவப்படும் வரையோ, தேவைப்படும் வரையோ, எது முந்தியதோ அதுவரை இலவச சிகிச்சை தர வேண்டும். ஆய்வால்தான் மரணமோ பாதிப்போ என்று முடிவானால் இழப்பீடு உண்டு. மரணத்துக்கான சூத்திரத்தின் அடிப்படைத் தொகை 8 லட்ச ரூபாய், வயதையும் நோயின் தீவிரத்தையும் வைத்து மாறும். இதில் ஒரு கஷ்டத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். பம்பிங் 30 உள்ள ஒருவருக்குப் பைபாஸே ஆபத்தானது. எது அறுவையால் வந்தது, எது மருந்தால் வந்தது என்று பிரிப்பது மிகக் கடினம். கெட்டது நடந்தால் இழப்பீடு தானாக வந்துவிடும் என்று நினைத்துச் சேரக் கூடாது.

செலவு விஷயம். ஆய்வு மருந்துக்கும் ஆய்வுக்காக மட்டும் எடுக்கும் கூடுதல் ரத்தப் பரிசோதனைகளுக்கும் உங்களிடம் பணம் வாங்கக் கூடாது, காப்பீட்டு அட்டையிலும் ஏற்றக் கூடாது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் பைபாஸ் செய்துகொள்கிறீர்கள் என்றால் பில்லில் அதைத் தனியாகப் பாருங்கள். முப்பதாம் நாளும் தொண்ணூறாம் நாளும் வரச் சொல்வார்கள். நெஞ்செலும்பு கூடாத நிலையில் உசிலம்பட்டியிலிருந்து நின்றுகொண்டே பஸ்ஸில் வர முடியாது. காருக்கான செலவைத் தருகிறார்களா, போனில் விசாரித்தால் போதுமா என்று இப்போதே பேசிவிடுங்கள். வராமல் போகிறவர்கள் கூடினால் ஆய்வே கெடும், அவர்களில் யார் நலம், யார் இல்லை என்பது தெரியாமலே போகும். சேர்வதென்றால் கடைசி நாள் வரை வருவது என்றே சேருங்கள்.

“நாளைக்குள் கையெழுத்து” என்பது எனக்குப் பிடிக்கவில்லை. அறுவை அடுத்த வாரம்தானே, ஓர் இரவாவது வீட்டில் தாளை வைத்துப் படிக்க நேரம் கேளுங்கள், அது உரிமை. நான் அப்பாவின் ஃபைலைப் பார்க்கவில்லை. சேருங்கள் என்றோ வேண்டாம் என்றோ இங்கிருந்து சொல்வது முறையாகாது. பதிவு எண் இருக்கிறது, தொடக்க டோஸ் இல்லை, மானிட்டர் படுக்கை உண்டு, சிறுநீரகம் தாங்கும், அளப்பதற்கும் எண்ணிக்கைக்கும் பொருத்தம் இருக்கிறது, அப்பாவுக்கே விருப்பமும் இருக்கிறது என்றால் சேர்வதில் அவருக்குப் பெரிய கூடுதல் ஆபத்து இருப்பதாக இதுவரை வந்த பெரிய ஆய்வுகள் காட்டவில்லை. பெரிய ஆதாயமும் காட்டவில்லை. அதை அப்படியே அவரிடம் சொல்லுங்கள். வெற்றுப் பக்கம் விழுந்தாலும், இதயம் தளர்ந்தால் வழக்கமான மருந்துகளும் பலூன் பம்பும் தடையில்லாமல் கிடைக்கும் என்று தாளில் இருக்கிறதா என்பதை மட்டும் நீங்களே விரல் வைத்துப் பாருங்கள்.

கடைசியாக, ஆய்வில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் இன்றே செய்ய வேண்டிய ஒன்று. அப்பாவின் மாத்திரைப் பையை எடுத்து அட்டைகளைத் திருப்பிப் பாருங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று ஏதாவது இருக்கிறதா? சர்க்கரைக்கும் பம்பிங் குறைவுக்கும் இப்போது பரவலாக எழுதுகிறார்கள், இரண்டும் உள்ள அப்பாவுக்கு எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். இவற்றைப் பெரிய அறுவைக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். நிறுத்தாமல் பட்டினி போட்டு அறுவைக்குப் போனால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேரும், அதுவும் சர்க்கரை 180, 200 என்று சாதாரணமாகக் காட்டிக்கொண்டே சேரும். ஐசியுவில் வாந்தியும் வேகமான மூச்சும் வரும்போது, இதயம் தளர்ந்துவிட்டதோ என்று அந்தப் பக்கம் தேடிக்கொண்டிருப்பார்கள். அட்டையோடு நாளைக் காலை மயக்க மருத்துவரைப் பாருங்கள், எந்த நாளிலிருந்து நிறுத்துவது, பதிலுக்கு இன்சுலின் எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை, பெயர் பெரும்பாலும் ‘லால்’ என்று முடியும், அதை மட்டும் யாரும் சொல்லாமல் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.